சவுத் பெண்டின் 'வீல் ஹார்ஸ்': ஒரு கியர்பெட்டியை நம்பி நின்ற கம்பெனி

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் தோட்ட டிராக்டர் செய்ய இறங்கியவர்களுக்குக் கணக்கே இல்லை. ஒரு கொட்டகை, ஒரு வெல்டிங் செட், ஒரு லேத், விலைக்குக் கிடைக்கும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின். இவை இருந்தால் டிராக்டர் கம்பெனி தயார். அப்படிப் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் பத்தாண்டு தாங்கவில்லை. இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் 1946-ல் எல்மர் பாண்டும் அவருடைய மகன் செசில் பாண்டும் தொடங்கிய பட்டறையும் அந்தக் கும்பலில் ஒன்றுதான். ஆனால் அவர்கள் வைத்த 'வீல் ஹார்ஸ்' என்ற பெயர் 2007 வரை புது வண்டிகளின் மேல் இருந்தது.

எஞ்சின் நன்றாக இருந்ததால் நிலைத்தது என்று பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. எஞ்சின் அவர்களுடையதே அல்ல. போட்டிக் கம்பெனிகளின் வண்டிகளிலும் அதே எஞ்சின்தான் ஓடியது. கியரையும், திருப்பத்தில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலையும், பின் அச்சையும் ஒரே வார்ப்பிரும்புப் பெட்டிக்குள் அடைத்த டிரான்சாக்சில் மட்டும்தான் முழுக்க அவர்களுடைய சரக்கு. கம்பெனியின் கதையும் ஏறக்குறைய அந்தப் பெட்டியின் கதைதான்.

முதலில் 1946-ன் நிலவரம். போர்க்காலத்தில் உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வீட்டுக் கொல்லையில் காய்கறி போடச் சொல்லி அரசு ஊக்குவித்தது. லட்சக்கணக்கானோர் மண்ணைக் கொத்திப் பழகிவிட்டார்கள். சிறு பண்ணைகளில் குதிரை குறைந்துகொண்டு வந்தது. இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு குதிரையை வருடம் முழுக்கத் தீனி போட்டு வைத்திருப்பது கட்டுப்படியாகாது. முழு டிராக்டர் வாங்கவும் வசதி கிடையாது. பெரிய கம்பெனிகள் கேட்ட அளவுக்கு டிராக்டர் தர முடியாத நிலையில் இருந்தன. 1946 தொடக்கத்தில் எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வேறு. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தன் மிகச் சிறிய டிராக்டரான ஃபார்மால் கப்பை 1947-ல் கொண்டுவந்தது, அல்லிஸ்-சால்மர்ஸ் 'ஜி' மாடலை 1948-ல் கொண்டுவந்தது. இவையும் சிறு விவசாயிக்கானவைதான், வீட்டுத் தோட்டக்காரருக்கு எட்டாதவை. அதற்குக் கீழே இருந்த இடம் காலியாகக் கிடந்தது.

அந்த இடத்தில் போருக்கு முன்பிருந்தே சிலர் உட்கார்ந்திருந்தார்கள். மேற்கு வர்ஜீனியாவின் டன்பாரில் கிரேவ்லி, விஸ்கான்சினின் போர்ட் வாஷிங்டன் என்ற ஒரே ஊரிலிருந்து சிம்ப்ளிசிட்டி, போலன்ஸ் இரண்டும், கன்சாஸின் கேல்ஸ்பர்க்கில் ஷா. சியர்ஸ் கடைகள் டேவிட் பிராட்லி என்ற பெயரில் விற்றன. பெரும்பாலானவை இரண்டு சக்கரம் வைத்து, கைப்பிடியைப் பிடித்துப் பின்னாலேயே நடந்துபோகும் வண்டிகள். நம் ஊர் பவர் டில்லரைப் பார்த்தவர்களுக்கு உருவம் பிடிபடும். ஆனால் பெரும்பாலானவற்றில் சுழலும் கத்தி கிடையாது. வண்டி கலப்பையையோ களைக்கொத்தியையோ இழுத்துச் செல்லும்.

இந்த வண்டிகளின் பலவீனம் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் ஓடும். சக்கரமோ நடக்கும் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு இருபது முப்பது சுற்றில், சுற்ற வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வேகத்தைக் குறைக்கச் சிறு பட்டறைகள் கண்ட வழி ஒரு பெல்ட், ஒரு செயின், அதன்பின் இன்னொரு செயின். செயின் திறந்தவெளியில் ஓடும். மண்ணும் கிரீஸும் சேர்ந்தால் அரைக்கிற பசைதான். ஒரு பருவத்திலேயே பல்சக்கரத்தின் பல் கொக்கி போல வளைந்துவிடும். செயின் நீள, பல் தாண்ட, கலப்பை கல்லில் இடித்த நேரம் செயின் அறும். வண்டியை விற்ற கம்பெனி அதற்குள் மூடப்பட்டிருந்தால் பல்சக்கரத்துக்கு எங்கே போவது? தோட்ட டிராக்டர் என்றாலே விளையாட்டுச் சாமான் என்ற பெயர் வந்ததற்கு இதுதான் பெரிய காரணம்.

பாண்ட் குடும்பத்தின் முதல் வண்டியும் நடந்து ஓட்டுகிற இரண்டு சக்கர வண்டிதான். வீட்டு கராஜில் பிறந்தது. 'பாண்ட்' என்ற குடும்பப் பெயரிலேயே விற்றார்கள். அங்கே ஒரு சிக்கல். எல்மரின் சகோதரர் ஹரால்ட் பாண்ட் ஏற்கெனவே ஒஹாயோவில் தோட்ட டிராக்டர் தொழிலில் இருந்தார். ஸ்பீடெக்ஸ் வண்டிகளுக்குப் பின்னால் இருந்தவர் அவர்தான். ஒரே தொழில், ஒரே பெயர் என்றால் குழப்பம். வண்டியில் பூட்டும் குதிரைகளில் சக்கரத்தை ஒட்டி நின்று பாரத்தைத் தாங்கும் குதிரையின் பெயரை எடுத்து 'வீல் ஹார்ஸ்' என்று மாற்றிக்கொண்டார்கள். நடந்து ஓட்டுகிற மாடலுக்கு 'வாக்-அவே', உட்கார்ந்து ஓட்டுகிற மாடலுக்கு 'ரைட்-அவே' என்று பெயர்.

ஊரும் கைகொடுத்தது. ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலை சவுத் பெண்டில்தான். ஆலிவர் கலப்பை கம்பெனி அங்கே. பெண்டிக்ஸ் அங்கே. ஊசி பேரிங் செய்கிற டாரிங்டனின் ஆலையும் அங்கே. வார்ப்பு, கியர் வெட்டுதல், சூட்டுப் பதம் ஆகிய மூன்றும் தெரிந்த தொழிலாளி பக்கத்துத் தெருவில் இருக்கிற ஊர். இதே யோசனை ஒரு விவசாயச் சிற்றூரில் தோன்றியிருந்தால் பெல்ட்டோடும் செயினோடும் நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

யூனி-டிரைவ்

1950-களின் நடுவில் 'ரைட்-அவே ஜூனியர்' வந்தது, சுருக்கமாக ஆர்.ஜே. ஆர்.ஜே.-25, ஆர்.ஜே.-35, பிறகு 1958-ல் ஆர்.ஜே.-58, அடுத்த ஆண்டு ஆர்.ஜே.-59. நான்கு சக்கரம், மேலே இருக்கை, முன்னால் ஒரு சிறு எஞ்சின். இன்று பார்த்தால் பொம்மை போலத் தெரியும். ஆனால் 'யூனி-டிரைவ்' என்று பெயரிட்ட டிரான்சாக்சில் இந்த வரிசையில்தான் இடம் பிடித்தது. முன்னோக்கி மூன்று கியர், பின்னோக்கி ஒன்று. செயின் எங்கும் இல்லை. எஞ்சினிலிருந்து ஒரே ஒரு பெல்ட் பெட்டியின் பக்கவாட்டுப் புல்லிக்கு வரும். அதற்குப் பிறகு எல்லாம் எண்ணெயில் நனைந்த கியர்.

கிளட்ச் தட்டுக்கூட இல்லை. பெடலை மிதித்தால் இடையில் இருக்கும் ஐட்லர் புல்லி விலகும், பெல்ட் தொளதொளத்துச் சறுக்கும், வண்டி நிற்கும். பின்னாளில் வந்த மாடல்களில் அதே பெடலை இன்னும் அழுத்தினால் பெட்டியின் பக்கத்தில் இருக்கும் டிரம்மைச் சுற்றிய பட்டை இறுகிப் பிரேக் பிடிக்கும். இரண்டும் ஒரே பெடலில் வருவதால் சரிசெய்யும்போது வரிசை முக்கியம். பெல்ட் முழுக்க விட்ட பிறகுதான் பட்டை பிடிக்கத் தொடங்க வேண்டும். பட்டையை முன்கூட்டியே இறுக்கி வைத்தால் எஞ்சின் தள்ள, பிரேக் இழுக்க, நடுவில் பெல்ட் கருகும். பெல்ட் அடிக்கடி போகிறது என்று புலம்புகிறவர்களின் வண்டியில் பெரும்பாலும் கோளாறு பட்டையில்தான் இருக்கும். பெல்ட் வழுக்குவதில் ஒரு நன்மையும் உண்டு. கலப்பை வேரில் மாட்டிக்கொண்டால் கியர் பல் உடைவதற்குப் பதில் பெல்ட் கத்தும். மலிவுக்காகச் செய்த ஏற்பாடு பெட்டிக்கே காவலாகிவிட்டது.

பெட்டி செங்குத்தாகப் பிளந்த இரண்டு வார்ப்புப் பாதிகளால் ஆனது. நடுவில் காஸ்கெட், சுற்றிலும் போல்ட். உள்ளே உள்ளீட்டுத் தண்டு, கொத்துக் கியர், அதன்மேல் சறுக்கும் கியர்கள், அவற்றைத் தள்ளும் இரண்டு கவைகள், கடைசியில் டிஃபரன்ஷியலைச் சுற்றிய பெரிய கியர். அச்சுகள் தொடக்கத்தில் ஒரு அங்குல விட்டம் (25.4 மி.மீ.), எஞ்சின் பெரிதாக ஆக 1⅛ அங்குலம் (28.6 மி.மீ.) ஆக்கினார்கள். பின்னர் உயர், தாழ் வேகத் தெரிவு சேர்ந்து ஆறு முன்னோக்கு, இரண்டு பின்னோக்கு என்றானது. விளம்பரத்தில் அதை 'எட்டு வேகம்' என்றார்கள். அடிப்படை மட்டும் மாறவில்லை. 1960-களின் வண்டியைப் பிரித்துப் பழகிய கை 1980-களின் வண்டியையும் பிரிக்கும்.

எண்ணெய் அளவு ஏறக்குறைய இரண்டு குவார்ட், அதாவது 1.9 லிட்டர்; 90-ஆம் எண் கியர் ஆயில். இந்தப் பெட்டிகள் தேய்ந்து சாவது அரிது. தண்ணீரால் சாவதுதான் அதிகம். கியர் லிவர் பெட்டியின் தலையில் நேராக இறங்குகிறது. அதைச் சுற்றிய ரப்பர் உறை பத்துப் பதினைந்து வருடத்தில் வெடிக்கும். வெளியில் நிற்கிற வண்டியின் லிவர் வழியே மழைநீர் உள்ளே வடியும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, அடியில் தங்கும். அளவுக்கோலை எடுத்துப் பார்த்தால் மட்டம் சரியாகத் தெரியும், ஏன், கூடுதலாகவே தெரியும். வடக்கு மாநிலக் குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து கீழ்க்கியர்களைப் பிடித்துக்கொள்ளும். உறையாத இடத்தில் பேரிங்கைத் துரு தின்னும்.

பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது ஓட்டிப் பார்ப்பதல்ல. வண்டி ஓர் இரவு அசையாமல் நின்ற பிறகு அடி அடைப்பானைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். முதலில் தண்ணீர் சொட்டினால் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். காபியில் பால் கலந்த நிறத்தில் வந்தால் தண்ணீர் ஏற்கெனவே கடையப்பட்டிருக்கிறது. அதற்கு வழி: முழுக்க வடித்துவிட்டு, மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி, பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, எல்லாக் கியரிலும் குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே மறுபடி வடிப்பது. வருகிற திரவம் தெளியும்வரை திரும்பச் செய்யலாம். முன்சக்கரத்துக்கு ஆப்பு வைக்காமல் இதைச் செய்யக் கூடாது. பிறகு புது எண்ணெய், புது ரப்பர் உறை. உறையை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் அடுத்த மழையில் பழைய கதைதான்.

அடுத்த தொல்லை சக்கரத்தின் நடுக்குடமான ஹப். வார்ப்பிரும்பு ஹப் அச்சில் ஏறி உட்காரும். நடுவில் அரைவட்ட உட்ரஃப் கீ. மேலிருந்து சதுரத் தலை செட் ஸ்க்ரூ அழுத்திப் பிடிக்கும். இந்தத் திருகு தளர்ந்தால் முன்னும் பின்னும் போகிற ஒவ்வொரு முறையும் ஹப் கொஞ்சம் ஆடும். ஆட ஆட கீ தன் பள்ளத்தை அகலப்படுத்தும். கடைசியில் அச்சு சுற்றும், சக்கரம் நிற்கும். உடையவர் கியர்பெட்டி போய்விட்டது என்று நினைப்பார். சக்கரத்தின் மேல் முனையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து, அச்சு நுனியைப் பார்த்தால் போதும். இரண்டும் சேர்ந்து அசைந்தால் சரி; சக்கரம் முதலில் அசைந்து அச்சு தாமதமாக வந்தால் கீ போய்விட்டது.

ஹப்பைக் கழற்றுவதில்தான் அதிகம் பேர் பொருளைக் கெடுக்கிறார்கள். செட் ஸ்க்ரூவை முழுக்க வெளியே எடுக்காமல் இழுப்பது ஒரு தவறு. மூன்று கால் புல்லரை ஹப்பின் விளிம்பில் மாட்டி முறுக்குவது இன்னொன்று. வார்ப்பு விளிம்பு பிறை வடிவில் பெயர்ந்து வரும். அச்சு நுனியைச் சம்மட்டியால் அடித்தாலோ அடி நேராக உள்ளே டிஃபரன்ஷியலுக்குப் போகிறது. கனமான ஒரு தகட்டில் ஹப்பின் ஐந்து போல்ட் துளைக்கும் பொருந்தத் துளையிட்டு, ஐந்து போல்ட்டாலும் ஹப்பில் கட்டி, நடுத் திருகால் அச்சைத் தள்ள வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு, ஹப்பை மட்டும் சூடுகாட்டி, திருகை இறுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விடும். அவசரக்காரருக்கு இந்த வேலை சரிவராது.

பெட்டியைப் பிரிப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. கவைத் தண்டுகளைப் பிடித்துவைக்கும் சிறு குண்டும் ஸ்பிரிங்கும் துள்ளி ஓடும். பாதியைத் தூக்குமுன் கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்வது நல்லது.

எல்லாரும் வாங்கிய எஞ்சின்

ஆர்.ஜே. காலத்தில் கிளிண்டன், கோலர் எஞ்சின்கள். பிறகு டெகும்சேவும் வந்தது. ஆனால் வீல் ஹார்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது கோலரின் 'கே' வரிசைதான். குளியல் தொட்டியும் கழுவுத் தொட்டியும் செய்து பெயரெடுத்த அதே கோலர்தான் இது என்பது வேடிக்கையான உண்மை. கே-181 எட்டு குதிரைத்திறன், கே-241 பத்து, கே-301 பன்னிரண்டு, கே-321 பதினான்கு, கே-341 பதினாறு. வார்ப்பிரும்புச் சிலிண்டர், காற்றால் குளிர்வது, உச்ச வேகம் 3,600 சுற்று.

இந்த எஞ்சினில் ஆயில் பம்பு இல்லை, ஃபில்டரும் இல்லை. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சிறு கரண்டி போன்ற நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது எண்ணெயை வாரி இறைக்கும். மட்டம் ஒரு விரல் குறைந்தாலோ, செங்குத்தான சரிவில் நீண்ட நேரம் குறுக்காக ஓட்டினாலோ நாக்கு காற்றை அடிக்கும். ராடு அலுமினியம். அது கிராங்க்கைக் கவ்வி, உடைந்து, கிராங்க்கேஸில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். பழைய 'கே' எஞ்சின்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். ஒவ்வொரு முறை ஓட்டுமுன்னும் எண்ணெய் மட்டம் பார்ப்பது இங்கே வெறும் சம்பிரதாயம் அல்ல. கே-241-லும் அதைவிடப் பெரியவற்றிலும் அதிர்வைக் குறைக்கச் சேர்த்த சமன் கியர்கள் இன்னொரு வினை. அவற்றின் பேரிங் தேய்ந்தால் கியர் கழன்று உள்ளேயே நொறுங்கும். எஞ்சினைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் பலர் அவற்றை எடுத்துப் போட்டுவிட்டே மூடுகிறார்கள். அதிர்வு சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

பற்றவைப்பு (இக்னிஷன்) எளிது. தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனையான பாயிண்ட்டின் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மி.மீ. கேம் தண்டு தள்ளும் சிறு குச்சி பாயிண்ட்டைத் திறக்கும். ஃப்ளைவீலில் 'எஸ்' குறி துளைக்கு நேரே வரும் நொடியில் பாயிண்ட் திறக்கத் தொடங்கினால் டைமிங் சரி. ஃபீலர் கேஜ் வைத்து அளந்ததோடு நிறுத்தாமல் இந்தக் குறியையும் பார்த்துவிட்டால் முரண்டு பிடிக்கிற எஞ்சின் பாதி வழிக்கு வந்துவிடும்.

பல மாடல்களில் ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒரே உருளைதான், எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்தது. சாவியைத் திருப்பினால் அது எஞ்சினைச் சுழற்றும். எஞ்சின் ஓடினால் எஞ்சின் அதைச் சுழற்றி பேட்டரியை ஏற்றும். பெல்ட் சற்றுத் தொய்ந்தாலும் சார்ஜ் ஆகும், ஸ்டார்ட் ஆகாது, கீச்சிடும். பேட்டரியைக் குறைசொல்லுமுன் பெல்ட்டை இறுக்கிப் பார்க்க வேண்டும். ரெகுலேட்டரையோ உருளையையோ கழற்றி மாட்டினால் எஞ்சினை ஓட்டுமுன் முனைவாக்கம் செய்வது கட்டாயம்: ரெகுலேட்டரில் பேட்டரி முனைக்கும் ஜெனரேட்டர் முனைக்கும் நடுவே ஒரு ஒயரால் ஒரே ஒரு நொடி தொட்டு எடுப்பது. இதை மறந்தால் மின்சாரம் தலைகீழாக வந்து ரெகுலேட்டரின் தொடுமுனைகளைக் கருக்கும்.

பெரியவர்கள் வந்த பிறகு

1950-களின் கடைசியில் வாங்குகிறவரும் மாறிவிட்டார். கொல்லையில் உருளைக்கிழங்கு போட்டவர் புறநகரில் அரை ஏக்கர் புல்தரை உடையவராகிவிட்டார். கலப்பை இரண்டாம் பட்சம்; புல்வெட்டியும் பனி தள்ளும் தகடும்தான் முதலில் வேண்டும். வீல் ஹார்ஸ் 1960-ல் தன் வண்டிக்கு 'சபர்பன்' (புறநகர்) என்றே பெயர் வைத்தது. அடுத்த ஆண்டிலிருந்து எண்ணே மேல்விலாசம்: 701 என்றால் ஏழு குதிரைத்திறன், 1961; 502 என்றால் ஐந்து குதிரைத்திறன், 1962. சில ஆண்டுகளுக்கு இந்த முறை ஓடியது. பிறகு சார்ஜர், ரெய்டர், கமாண்டோ என்று விளம்பரப் பெயர்கள் வந்தன. 1970-களில் ஏ, பி, சி, டி வரிசைகள்.

அதே 1961-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கப் கேடட்டை இறக்கியது. ஃபார்மால் கப்பின் கியர் அமைப்பிலிருந்து வந்த பின்பாகம், முன்னால் ஏழு குதிரைத்திறன் கோலர். அல்லிஸ்-சால்மர்ஸ் தானே செய்யாமல் சிம்ப்ளிசிட்டியிடம் செய்வித்து 'பி-1' விற்றது. 1963-ல் ஜான் டீர் 110 வந்தது, அதுவும் கோலர். 1964-ல் கேஸ் கம்பெனி விஸ்கான்சினின் கோல்ட் என்ற சிறு நிறுவனத்தையே வாங்கிப்போட்டது. மூன்று ஆண்டுக்குள் நாட்டின் பெரிய டிராக்டர் பெயர்கள் எல்லாம் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டன, அதில் பலர் வீல் ஹார்ஸ் வாங்குகிற அதே எஞ்சினை வாங்கிக்கொண்டு. சொந்தக் கியர்பெட்டி இல்லாத சிறு கம்பெனிகளுக்கு இதற்குமேல் சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை. வீல் ஹார்ஸுக்கு மிஞ்சியது. பெட்டியின் வார்ப்பு அச்சும் கியர் வெட்டும் இயந்திரமும் ஏற்கெனவே போட்ட முதல். அதையே ஐந்து குதிரைத்திறன் வண்டிக்கும் பன்னிரண்டு குதிரைத்திறன் வண்டிக்கும் சிறு மாற்றத்தோடு போட முடிந்தது. ஒரு வருடத்தின் இணைப்புக் கருவி அடுத்தடுத்த வருட வண்டிகளிலும் பொருந்தும்படி பார்த்துக்கொண்டதும் பழைய வாடிக்கையாளரைக் கைவிட்டுப் போகாமல் வைத்தது.

1963 டிசம்பரில் ஸ்டூடிபேக்கர் சவுத் பெண்டில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது ஊரே ஆடிப்போனது. ஆனால் அதே ஊரின் அயர்லாந்து சாலையில் இருந்த வீல் ஹார்ஸ் ஆலையிலிருந்து அதன் சிவப்பு டிராக்டர்கள் தொடர்ந்து வெளிவந்தன.

1965-ல் 875 என்ற மாடலில் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவ் வந்தது. எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றும். பம்பு அழுத்தும் எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுழற்றும். பம்புக்குள் இருக்கும் தட்டின் சாய்வை லிவரால் மாற்றினால் வேகமும் திசையும் மாறும். கியர் மாற்றுகிற வேலையே இல்லை. புல் வெட்டுகிறவருக்கு, அதிலும் மரத்தைச் சுற்றி முன்னும் பின்னும் போகிறவருக்கு, இது பெரிய சௌகரியம். பம்பும் மோட்டாரும் சண்ட்ஸ்ட்ராண்ட் கம்பெனியுடையவை. சொந்தப் பெட்டியை நம்பி நின்ற கம்பெனி தன் விலை உயர்ந்த வண்டிகளின் நெஞ்சுக்கூட்டில் வெளியார் சரக்கை வைக்கத் தொடங்கியது இங்கேதான். வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. உயர் அழுத்தப் பம்பு சிறு பட்டறையின் வேலை அல்ல. பராமரிப்பில் ஒரு பொறி உண்டு: தொடக்க ஹைட்ரோக்கள் தானியங்கிக் கியர் திரவத்தில் ஓடின, பின்னால் வந்தவை எஞ்சின் ஆயிலில். மாடல் எண்ணைப் பார்த்துக் கையேட்டில் சரிபார்க்காமல் ஊற்றக் கூடாது. ஃபில்டர் அடைத்தால் முதல் அறிகுறி சூடேறிய பிறகு மேட்டில் ஏற மறுப்பது.

1974-ல் அமெரிக்கன் மோட்டார்ஸ் வீல் ஹார்ஸை வாங்கியது. கார் கம்பெனிக்கு இந்த ஊர் புதிதல்ல. ராணுவ வண்டி செய்யும் ஏ.எம். ஜெனரல் மூலம் ஏற்கெனவே அங்கே காலூன்றியிருந்தது. அந்தக் காலத்தில் இரண்டு விநோதங்கள் வந்து சேர்ந்தன. ஜெனரல் எலெக்ட்ரிக் 1969-லிருந்து செய்துவந்த 'எலெக்-ட்ராக்' என்ற பேட்டரி டிராக்டர் தொழில் வீல் ஹார்ஸ் கைக்கு வந்தது: ஆறு 6-வோல்ட் ஈய-அமில பேட்டரி, மொத்தம் 36 வோல்ட். ஓசை இல்லை, புகை இல்லை. பேட்டரிகளின் எடையே பின்சக்கரத்துக்குப் பிடிப்பு. ஆனால் ஆறையும் ஒன்றாக மாற்றும் செலவைப் பார்த்தால் உடையவர் மலைப்பார். இன்னொன்று டி-250, ஜெர்மனியின் குட்பிராட் செய்து கொடுத்தது, ரெனோ நான்கு சிலிண்டர் நீர்க்குளிர்ப்பு எஞ்சின். நல்ல இயந்திரம், ஆனால் வீல் ஹார்ஸின் மற்ற உதிரிகள் எதுவும் அதற்குப் பொருந்தாது. குடும்பத்தில் ஒட்டாத மருமகன் மாதிரி.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கன் மோட்டார்ஸ் கழற்றிவிட்டது. 1986-ல் புல்வெட்டி செய்யும் டோரோ கம்பெனி வாங்கியது. அதற்குள் சந்தையில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெரிய சங்கிலிக் கடைகள் தகட்டு உடல், அலுமினியப் பெட்டியில் கிரீஸ் அடைத்து மூடிய டிரான்சாக்சில், செங்குத்துத் தண்டு எஞ்சின் கொண்ட புல்வெட்டி டிராக்டர்களை மலிவாகக் குவித்தன. அவற்றால் உழ முடியாது. உழ வேண்டும் என்று வாங்குகிறவரும் கேட்கவில்லை. வார்ப்பிரும்புப் பெட்டியின் விலைக்கு நியாயம் சொல்லக்கூடிய வாடிக்கையாளர் எண்ணிக்கை சுருங்கிவிட்டது. ஓனன் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினோடு வந்த 20 குதிரைத்திறன் 520-ஹெச் போன்ற கனமான வண்டிகள் 1990-கள் வரை தாக்குப்பிடித்தன. 2007-க்குப் பிறகு அந்தப் பெயரில் புது வண்டி வரவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் பழையவை இன்னும் ஏராளம். உதிரிபாக நிலைமை இதுதான்: பெட்டிக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகளும் ஆயில் சீல்களும் பொது அளவுகள். பழையதன் எண்ணைப் படித்தோ, உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்தோ சொன்னால் பேரிங் கடையில் எடுத்துத் தருவார்கள். காஸ்கெட்டைத் தாளில் வெட்டிக்கொள்ளலாம். பெல்ட்டை மட்டும் பொது அளவில் வாங்காமல் அசல் எண்ணில் வாங்குவது நல்லது. அரை அங்குல நீள வித்தியாசம் போதும், பெடலை மிதித்தாலும் வண்டி ஊர்ந்துகொண்டே இருக்கும். கியர்களும் அச்சுகளும் வேறொரு உடைந்த வண்டியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். வாங்குமுன் அதன் அச்சு விட்டத்தை வெர்னியரால் அளந்துவிடுங்கள்: ஒரு அங்குலப் பெட்டிக்கு 1⅛ அங்குல அச்சு ஏறாது.